மறைத்து வைத்த பட்டச் சான்றிதழ்

சில வாரங்களுக்கு முன்னர் என் பழைய நண்பர் ஒருவரின் மகன் வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரு தனியார் நிறுவனத்தின் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கவிருந்தான். க.பொ.த. உயர்தரச் சித்தி போதும் என்பது விளம்பரத்தின் நிபந்தனை. அவனிடமோ கலைமாணிப் பட்டமும் அதற்கு மேல் முதுதத்துவமாணிப் பட்டமும் இருந்தன. தேநீரைக் கையில் எடுத்தவன் குடிக்காமலே கேட்டான்:

"மாமா, எம்.ஃபில்லை எடுத்துவிட்டு அனுப்பட்டோ? இல்லாட்டி டிகிரியையும் சேர்த்து எடுக்கத்தான் வேணுமோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்து முகம் வாடினான். நான் சிரித்தது என்னைப் பார்த்து.

1996 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு ஒப்புநோக்காளர் தேவை என்று விளம்பரம் வந்தது. பேராதனையில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று ஓராண்டு கடந்திருந்தது. ஏழெட்டு இடங்களுக்கு விண்ணப்பித்து, இரண்டு இடங்களில் மட்டும் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டு, இரண்டிலும் "நீங்கள் இந்த வேலைக்கு மேலானவர்" என்ற ஒரே மறுமொழியைப் பெற்றிருந்தேன். அறைத் தோழர் ஒருவர், தாமும் பட்டதாரி, எனக்கு உபாயம் சொல்லித் தந்தார். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு பட்டச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வேட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனேன். "உயர்தரம் எடுத்த பிறகு இவ்வளவு காலமும் என்ன செய்தீர்?" என்று கேட்டார்கள். "பிரச்சினை" என்றேன். அந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்த ஒருவனுக்கு அந்த ஒரு சொல் போதும். மேற்கொண்டு எவரும் கேட்பதில்லை. வேலை கிடைத்தது.

கல்வி கூடினால் வேலை கிடைப்பது கடினமாகுமா என்ற கேள்வியை இன்றைய இளைஞர்கள் ஏதோ தம் தலைமுறைக்கு வந்த புதிய நோய் போலக் கேட்கிறார்கள். இந்தத் தீவில், குறிப்பாகத் தமிழர் மத்தியில், அதற்குக் குறைந்தது 170 ஆண்டு வயதாகிறது. அதன் முதல் வழக்கு வட்டுக்கோட்டையில் நடந்தது என்பது என் கருத்து.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை நிறுவினர். டானியல் பூர் அதன் முதல் அதிபர். உயர் கல்வி என்ற சொல்லுக்கு ஆசியாவிலேயே அதிகம் பொருளில்லாத காலம் அது. பனங்கூடல்களுக்கும் வயல்களுக்கும் நடுவே அங்கே ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழ் இலக்கியமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரு பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் இங்கு பயின்றவர்களே. ஆனால் மிஷன் இந்தக் கல்லூரியைத் தொடங்கியது வானியலாளரை உருவாக்குவதற்கு அன்று. தமிழில் போதிக்கக்கூடிய சுதேச உபதேசிமாரையும் கிராமப் பள்ளிக்கூட ஆசிரியர்களையும் உருவாக்குவதே நோக்கம். நன்றாகக் கற்ற மாணவனோ சொற்ப வேதனத்துக்குக் கிராம உபதேசியாக இருக்க விரும்பவில்லை. அவனது ஆங்கிலத்துக்கு அரசாங்கக் கந்தோரில் அதைவிடப் பன்மடங்கு கூலி கிடைத்தது. அவன் கச்சேரிக்கும் கடல்கடந்து இந்தியாவுக்கும் போனான்.

பொஸ்டனிலிருந்த தலைமைச் சபைக்கு இது நட்டக் கணக்காகத் தோன்றிற்று. சபையின் செயலாளர் ரூபஸ் அன்டர்சன் 1855 இல் நேரில் வந்து ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி மாணவரைத் தம் மக்களிடமிருந்து பிரித்து உலகியல் உத்தியோகங்களுக்கு இழுத்துச் செல்கிறது என்பது அவரது உறுதியான எண்ணம். அதே ஆண்டு செமினரி மூடப்பட்டது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்வரை அந்த இடம் உயர் கல்வியின்றிக் கிடந்தது.

மத வரலாற்றாசிரியர்கள் இதை மிஷன் கொள்கை மாற்றமாக எழுதுவர். எனக்கோ இது ஒரு தொழில் வழங்குநரின் முறைப்பாடாகவே படுகிறது. "இவன் அளவுக்கு மேல் படித்தவன், நம்மிடம் நிலைக்கமாட்டான்" என்பதே அந்த முறைப்பாடு. கொழும்பின் மனிதவள முகாமையாளர்கள் இன்று சொல்லும் காரணமும் இதுதான். வித்தியாசம் என்னவென்றால், இன்றைய முகாமையாளர் விண்ணப்பத்தை நிராகரிக்கிறார், அன்றைய முகாமையாளர் பள்ளிக்கூடத்தையே மூடினார்.

அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு இந்த முறைப்பாடு பெரிதாகக் கேட்கவில்லை. காரணம் எளிது. படித்தவர் தொகையை விட நாற்காலிகளின் தொகை அதிகமாக இருந்தது, இங்கில்லாவிட்டால் மலாயாவில் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதித் தசாப்தம் தொடக்கம் யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் கற்றவர்கள் மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் நிறைந்தனர். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேணும்" என்ற முதுமொழி இக்காலத்துக்குரியது. நகைச்சுவையாகத்தான் இதைச் சொல்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மாதச் சம்பளம், பென்சன், சீதனச் சந்தையில் ஒரு விலை ஆகிய மூன்றையும் தோட்டக் காணியோ கடையோ தரமுடியாது. என் தந்தையார் எஸ்.எஸ்.சி. சித்தியோடு எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவர். அவருடைய கந்தோரில் ஒரேயொரு பட்டதாரிதான் இருந்தாராம், அவர் மேலதிகாரி. பட்டம் என்பது அக்காலத்தில் வேலை தேடுவதற்கான தகைமை அன்று. அது ஒரு வகுப்பின் அடையாளம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் தொடங்கியபோது அதன் மாணவர் தொகை ஆயிரத்தை எட்டவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அத்தனை பேருக்கும் சிவில் சேவையும் சட்டமும் ஆசிரியமும் தாராளமாகப் போதுமாக இருந்தன.

நிலைமை மாறியது மூன்று கட்டங்களில். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பின்னர் பள்ளிக்கூடங்களில் சிங்களமும் தமிழும் போதனா மொழிகளாயின. 1959 இல் வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவேனாக்கள் பல்கலைக்கழகங்களாக்கப்பட்டன, 1960 அளவில் சுயமொழியில் கற்ற முதல் அணியினர் கலைப்பீடங்களுக்குள் நுழைந்தனர். சில ஆண்டுகளிலேயே பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிற்று. அந்தப் பெருக்கத்தின் மிகப் பெரும் பங்கு கலைப்பீடத்துக்கே உரியது. கிராமத்து மகா வித்தியாலயத்தில் இரசாயனகூடம் இல்லை. வரலாறும் புவியியலும் கற்பிக்கக் கரும்பலகை போதும்.

இலவசக் கல்வியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்கமாட்டேன். ஆனால் கதவைத் திறந்தவர்கள் உள்ளே நாற்காலிகள் போட மறந்துவிட்டார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சுயமொழிக் கலைப் பட்டதாரிக்குத் திறந்திருந்த வாசல் அரச பாடசாலை ஆசிரியப் பதவி ஒன்றே. அதுவும் 1960 களின் நடுப்பகுதியில் நிரம்பத் தொடங்கியது. தோட்டக் கம்பனிகளும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தொடர்ந்து ஆங்கிலத்திலேயே இயங்கின. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் "கடுவ", அதாவது வாள். பேராதனையில் எங்கள் காலத்திலும் அந்தச் சொல் வழக்கிலிருந்தது. தமிழ் மாணவர்களாகிய நாங்களும் அதையே பயன்படுத்தினோம். எம்மையும் அது வெட்டியது.

இங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். "மேலதிகத் தகைமை" என்ற சொற்றொடர் இந்நாட்டில் பல வேளைகளில் ஒரு நாகரிகமான பொய். தனியார் நிறுவனத்தில் கலைப் பட்டதாரிக்கு "நீங்கள் இதற்கு மேலானவர்" என்று சொல்லப்படும்போது, அதன் பொருள் பெரும்பாலும் "உமக்கு ஆங்கிலம் வராது, உம்முடைய பள்ளிக்கூடத்தின் பெயர் எமக்குத் தெரியாது, பல்கலைக்கழகத்தில் பகிஷ்கரிப்பும் ஊர்வலமும் பழகியிருப்பீர்" என்பதே. ஒரே ஆள் கடுதாசியில் கூடியவராகவும் காரியாலயத்தில் குறைந்தவராகவும் கணிக்கப்படுகிறார். மேலானவர் என்று சொன்னால் இருவருக்கும் மானம் மிஞ்சுகிறது.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. பின்னர் கணநாத் ஒபேசேகர, சந்தேகத்தின் பேரில் தடுத்துவைக்கப்பட்ட 10,192 பேரின் சமூகப் பின்னணியை ஆராய்ந்து 1974 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிராமத்துப் பாடசாலைகளில் சிங்கள மொழியில் பயின்ற, தம் பெற்றோரைவிடக் கூடுதலாகக் கற்ற இளைஞர்களின் முகம் அதில் தெரிந்தது. கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில் சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று டட்லி சீயர்ஸ் தலைமையில் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. வேலை வாய்ப்புகளையும் எதிர்பார்ப்புகளையும் பொருந்தச் செய்தல் என்பதே அதன் தலைப்பின் பொருள். வேலையற்றிருப்போர் பெரும்பாலும் படிக்காத ஏழைகள் அல்லர், படித்த இளைஞர்களே என்று அது எடுத்துக் காட்டியது. கமக்காரனின் மகன் உயர்தரம் சித்தியடைந்த பின் வயலுக்குத் திரும்புவதில்லை. அரச வேலைக்கும் ஏனைய வேலைகளுக்கும் இடையே சம்பளத்திலும் பாதுகாப்பிலும் மதிப்பிலும் இருந்த இடைவெளி அத்தகையது. ஐந்தாண்டு காத்திருந்தாலும் இலாபம் என்று குடும்பங்கள் கணக்கிட்டன. அவை சோம்பேறிக் குடும்பங்கள் அல்ல, கணக்குத் தெரிந்த குடும்பங்கள்.

தமிழ் இளைஞரின் கதை இதே அடித்தளத்தில் வேறு திசையில் சென்றது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் அரச சேவையின் வாசலைச் சுருக்கியது. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் சுருக்கியது. கோறணமேந்தை நம்பி வளர்ந்த ஒரு சமூகத்துக்கு இரண்டு வாசல்களும் ஒரே தலைமுறைக்குள் ஒடுங்கின. விளைவை எல்லோரும் அறிவோம்.

இலங்கையை நன்கறிந்த ரொனால்ட் டோர் 1976 இல் எழுதிய நூலுக்குச் சான்றிதழ் நோய் என்று பெயர் வைத்தார். பிரித்தானியா, ஜப்பான், கென்யா ஆகிய நாடுகளுடன் எம்முடையதும் அதில் ஒரு நோயாளி. பஸ் கம்பனியை வைத்து அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. நடத்துநருக்குக் கீழ்ச் சான்றிதழும் லிகிதருக்கு மேல் சான்றிதழும் போதும் என்று கம்பனி வைத்திருக்கிறது. மேல் சான்றிதழ்க்காரர் தொகை பெருகி லிகிதர் வேலை கிடைக்காதபோது சிலர் நடத்துநர் வேலைக்கு இறங்கி வருகின்றனர். கம்பனி அவர்களையே விரும்பி எடுக்கிறது. சிறிது காலத்தில் நடத்துநராவதற்கே மேல் சான்றிதழ் வேண்டும் என்றாகிவிடுகிறது. கீழ்ச் சான்றிதழ்க்காரன் தெருவில் நிற்கிறான்.

வட்டுக்கோட்டை வழக்குக்கு இது நேர் மாறானது என்பதைக் கவனிக்கவேண்டும். டோரின் பஸ் கம்பனியில் கூடிய கல்வி ஒருவனுக்குப் பாதகமல்ல, அவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கே பாதகம். எது உண்மை? என் அனுபவத்தில் இரண்டும் உண்மை, வேலை எவர் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. அரசாங்கம் போட்டிப் பரீட்சை வைத்துப் புள்ளி வரிசையில் ஆள் எடுக்கும்போது பட்டதாரி எவருக்கும் பயப்படத் தேவையில்லை. தனியார் முதலாளி தன் பணத்தில் ஆள் எடுக்கும்போது, இவன் எப்போது போவான், எவ்வளவு கேட்பான், என் மேற்பார்வையாளரை மதிப்பானா என்று மூன்று பயங்கள் அவருக்கு இருக்கின்றன. மூன்றாவது பயத்தை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுவே பெரியது.

1977 இற்குப் பின்னர் மூன்றாவதொரு வழியும் பிறந்தது. தொழில் வங்கி என்ற பெயரில் விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கையளிக்கப்பட்டன. படிவம் கிடைத்தவனுக்கே வேலை. கூடிய தகைமையோ குறைந்த தகைமையோ அங்கு பேச்சில்லை, தெரிந்த ஆள் உண்டா என்பதே பேச்சு. இரண்டாவது கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர் 1990 இல் வெளிவந்த இளைஞர் ஆணைக்குழு அறிக்கை, ஆட்சேர்ப்பில் அரசியல் தலையீடு இளைஞரின் விரக்திக்கு முக்கிய காரணம் என்று சுட்டிக்காட்டிற்று.

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய 1978 இற்குப் பின்னர் மறைத்தல் என்பது பெண்களுக்கும் பழக்கமாயிற்று. 1990 களின் இறுதியில் பத்திரிகைக்காக அங்கு ஒரு விடுதிக்குச் சென்றிருந்தேன். பத்தடி அறையில் ஐந்து பெண்கள். அநுராதபுரத்துப் பெண்ணொருத்தி உயர்தரத்தில் மூன்று பாடங்கள் சித்தியடைந்தவள், தொழிற்சாலையில் ஒன்பதாம் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "உயர்தரம் என்றால் சட்டம் பேசுவாள் என்று எடுக்கமாட்டார்கள்" என்றாள். தையல் இயந்திரத்துக்கு முன்னால் அமர்ந்து அவள் மற்றவர்களுக்குச் சம்பளச் சிட்டையை வாசித்து விளங்கப்படுத்துவாளாம், மேற்பார்வையாளர் பார்க்காத வேளையில். முதலாளியின் பயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை!

பொருளியலாளர்களும் சும்மா இருக்கவில்லை. டிக்கென்ஸ், லாங் என்ற இருவர் 1991 இலும், உலக வங்கியின் மார்ட்டின் ராமா 1999 இலும் இலங்கையின் வேலையின்மையை ஆராய்ந்தனர். கல்விக்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்பது ஒரு விளக்கம். நல்ல வேலைக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. பொருளாதாரம் போதிய வேலைகளை உருவாக்கவில்லை என்பது மூன்றாவது. ராமா வரிசை விளக்கத்துக்கே கூடிய பலம் உண்டென்றார். அரச வேலையின் சுகம் அந்த வரிசையை நீட்டுகிறது. தொழிற்படை ஆய்வுகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான்: உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே வேலையின்மை வீதம் நாட்டின் பொது வீதத்தைவிட உயர்ந்தே நிற்கிறது, பெண்களிடையே அது மேலும் உயர்வு.

அரசாங்கங்கள் இந்த வரிசையைக் கலைப்பதற்குக் கண்ட ஒரே வழி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மொத்தமாக உள்ளே எடுத்துக்கொள்வது. 2004 ஆட்சி மாற்றத்தின் பின்னர் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டதாரிகள் சேர்க்கப்பட்டனர். 2012 இல் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர். அவர்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆயினர். பிரதேச செயலகமொன்றில் ஒரு மேசைக்கு மூவர் அமர்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒருவர் தேநீருக்கு எழுந்தால் மற்றவர் அமர்வார். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்ற ஒருவர் அங்கே வரவுப் பதிவேட்டுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தபின்னும் மிகையாக இருப்பது எப்படி என்பதை அந்த அறையில் பார்த்தேன்.

2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவிலும் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்பாகவும் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் தொடங்கி நூறு நாட்களைக் கடந்து இருந்தனர். யாழ்ப்பாணத்துப் பந்தலில் ஒரு பெண் என்னுடன் பேசினார். கைக்குழந்தை மடியில். சங்கக் கடையில் விற்பனையாளர் வேலைக்குக் கேட்டுப் போயிருக்கிறார். "நீங்கள் கம்பஸ் படிச்ச பிள்ளை, உங்களை நிற்க வைச்சு அரிசி நிறுக்கச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாயிருக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "அவைக்குக் கூச்சம், எனக்குப் பால்மா" என்றார்.

2020 ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் விசித்திரமானது. அந்த ஆண்டு அரசாங்கம் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் ஐம்பதினாயிரத்துக்கும் அதிகமான பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தது. அதே ஆண்டு, அதே அரசாங்கம், குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த, கல்வியில் பின்தங்கிய ஒரு இலட்சம் பேருக்கு வேலை என்று பல்நோக்கு அபிவிருத்திச் செயலணியை அமைத்தது. சாதாரண தரத்துக்குக் கீழே நின்றவர்களுக்கே அது உரியது. ஒரு கை சான்றிதழைக் கேட்டது, மறு கை சான்றிதழ் இல்லாமையைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் ஒழுங்காகச் சித்தியடைந்து பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத பிள்ளை நின்றது. அவ்வகைப் பிள்ளைகளே நாட்டில் அதிகம். ஏழைக்கு முன்னுரிமை என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கடன்பட்டு ரியூசனுக்கு அனுப்பிய தாய், அனுப்பாத தாயிடம் தோற்றதையும் நான் கண்டேன்.

அதே ஆண்டு நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. ஒடிசாவில் பஞ்சாப் நஷனல் வங்கியின் சிற்றூழியர் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சித்தி வேண்டும், பட்டதாரியாக இருக்கக்கூடாது என்று நிபந்தனை. ஓர் இளைஞர் பட்டத்தை மறைத்துத் தெரிவானார். விடயம் வெளியானதும் வங்கி அவரை நிராகரித்தது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது, உச்ச நீதிமன்றமோ மறைத்தது குற்றம் என்று வங்கியின் பக்கம் நின்றது. அமெரிக்காவிலும் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரப் பொலிஸ், நுண்ணறிவுச் சோதனையில் 33 புள்ளி பெற்ற ஒருவரை, அது தாம் வகுத்த எல்லையைவிட அதிகம் என்று சேர்க்க மறுத்தது. இத்தகையோர் சலிப்படைந்து விலகுவர், பயிற்சிச் செலவு வீணாகும் என்பதே காரணம். 2000 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. ரூபஸ் அன்டர்சன் உயிரோடிருந்தால் தலையசைத்திருப்பார்.

என் கதையின் மீதியைச் சொல்லவேண்டும். ஒப்புநோக்காளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் ஞாயிறு மலருக்கான கட்டுரையொன்றில் கண்டி ஒப்பந்தம் 1818 இல் கைச்சாத்தானதாக எழுதப்பட்டிருந்தது. மூலப் பிரதியில் உள்ளபடி அச்சில் இருக்கிறதா என்று பார்ப்பதே ஒப்புநோக்காளன் வேலை. கை சும்மா இருக்கவில்லை. 1815 மார்ச் 2 என்று திருத்திவிட்டேன். மறுநாள் செய்தி ஆசிரியர் அழைத்தார்.

"தம்பி, இது உமக்கு எப்பிடித் தெரியும்?"

பொய்க்கு மேல் பொய் சொல்லத் தைரியம் வரவில்லை. சொல்லிவிட்டேன். நெடுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "முதலே சொல்லியிருந்தால் எடுத்திருக்கமாட்டம்" என்றார். அடுத்த மாதம் உதவி ஆசிரியர்களின் மேசைக்கு மாற்றினார். அவர் மனம் வேறு விதமாக இருந்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

இப்படிப்பட்ட ஒருவன் மேசையின் மறுபக்கம் அமர்ந்தால் எப்படி நடந்துகொள்வான் என்று வாசகர் எதிர்பார்ப்பீர்கள்? 2009 இல் நான் வேலை செய்த இடத்தில் கணினித் தட்டச்சாளர் ஒருவரைத் தெரிவுசெய்யும் குழுவில் இருந்தேன். தமிழில் முதுகலைமாணிப் பட்டம் பெற்ற பெண்ணொருவர் வந்திருந்தார். வயது முப்பதளவில். தட்டச்சு வேகமும் பிழையின்மையும் வந்த எல்லோரிலும் மேல். அவருடைய கோப்பை மூடி நான்தான் சொன்னேன்: "உங்கட படிப்புக்கு இது பொருந்தாது பிள்ளை. ஆறு மாதத்திலை விட்டிட்டுப் போய்விடுவீங்கள்." அவர் எழுந்தார். கதவருகே நின்று, "நான் போய்விடுவன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், சேர்?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே அறிய விரும்புபவர் போலக் கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை. உயர்தரம் கற்ற ஒரு பையனைத் தெரிவுசெய்தோம். நான்கு மாதத்தில் அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

நண்பரின் மகனுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. பட்டத்தை விட்டுவிட்டு எம்.ஃபில்லை மட்டும் எடுக்கும்படி சொன்னேன். மறைப்பது குற்றமாகாதா என்று கேட்டான். கேட்டால் மறைக்காதே, கேட்காததை எழுதவேண்டியதில்லை என்றேன். சட்டத்தரணிகள் என்ன சொல்வார்களோ தெரியாது. மறுநாள் இரவு தொலைபேசியில் அழைத்தான். எடுத்துவிட்டானாம். ஆனால் இப்போது விண்ணப்பத்தில் இரண்டு வருடம் வெறுமையாக நிற்கிறது, அந்தக் காலத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றான். என் காலத்துச் சொல் அவனுக்கு உதவாது.

அந்த இரண்டு வருடமும் அவன் கொக்குவிலில் ஒரு கொட்டிலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தது எனக்குத் தெரியும். அதை எழுதச் சொன்னேன்.